வைன் குளிர்பெட்டியின் மின் நுகர்வு

வைன் குளிர்பெட்டி என்பது திராட்சை மதுவான வைனை வீட்டில் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் வைத்துப் பேணுவதற்கெனத் தனியாக அமைக்கப்பட்ட குளிர்பதனக் கருவி ஆகும். இது நாள் முழுவதும், ஆண்டு முழுவதும் மின் இணைப்பில் இருக்கும் கருவி. ஆதலால் ஒரு நொடியில் இது எடுக்கும் மின்திறன் ஒரு சிறு மின்விளக்கின் அளவினதாக இருந்தாலும், ஆண்டு இறுதியில் சேரும் மின் நுகர்வு குறிப்பிடத்தக்கதாகிறது. பொதுவாக இத்தகைய பெட்டி ஒன்று ஆண்டுக்கு 100 முதல் 500 கிலோவாட்-மணி வரை மின்னாற்றலைப் பயன்படுத்துகிறது. இந்த அளவு, குளிரூட்டும் முறை, கதவின் அமைப்பு, வைக்கப்பட்டுள்ள அறையின் வெப்பநிலை ஆகிய மூன்றையும் பெரிதும் சார்ந்துள்ளது. உள்ளே எத்தனை புட்டிகள் இருக்கின்றன என்பதன் தாக்கம் மிகக் குறைவு.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இக்கருவி பரவலாகப் பயன்படுகிறது.

== பின்னணி ==

வைன் நீண்ட காலம் கெடாமல் முதிர்வதற்கு ஏறத்தாழ 12 அல்லது 13 °செ வெப்பநிலை ஏற்றது எனக் கருதப்படுகிறது. வெப்பநிலை அடிக்கடி ஏறி இறங்குவதும், நேரடி ஒளி படுவதும், தொடர்ந்த அதிர்வும் வைனுக்குத் தீங்கு விளைவிக்கின்றன. தக்கை அடைப்புகள் உலர்ந்து சுருங்காமல் இருக்கக் காற்றில் ஓரளவு ஈரப்பதமும் தேவை.

பழங்காலத்தில் இத்தேவையை நிலவறைகள் நிறைவு செய்தன. பிரான்சின் ரெய்ம்ஸ் நகரில் சுண்ணப்பாறையைக் குடைந்து அமைந்த நிலவறைகள், வெளியே கோடையாயினும் குளிர்காலமாயினும், ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 10 முதல் 12 °செ வரையிலான வெப்பநிலையிலேயே இருக்கின்றன. இந்நிலவறைகளை உள்ளடக்கிய சாம்பெய்ன் பகுதி 2015-ஆம் ஆண்டில் யுனெசுக்கோவின் உலக மரபுச் சின்னங்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இங்கு குளிரைத் தருவது மண்ணின் வெப்பத் தேக்கமே. மின்னாற்றல் எதுவும் செலவாவதில்லை.

நகரங்களில் அடுக்குமாடி வீடுகள் பெருகியபோது நிலவறை இல்லாத வீடுகள் மிகுந்தன. வீட்டுக் குளிர்பதனப் பெட்டி இதற்கு முழுமையான மாற்றாக அமையவில்லை. அதன் உள்வெப்பநிலை 3 முதல் 5 °செ வரை இருப்பதால் வைனுக்கு மிகுந்த குளிராகிறது. காற்றும் உலர்ந்ததாக உள்ளது. இந்த இடைவெளியை நிரப்பும் கருவியாகவே வைன் குளிர்பெட்டி உருவானது. 1976-இல் தொடங்கப்பட்ட யூரோகேவ் என்னும் பிரெஞ்சு நிறுவனம் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று.

== குளிரூட்டும் முறைகள் ==

வீட்டுப் பயன்பாட்டுக்கான வைன் குளிர்பெட்டிகளில் இரு முறைகள் வழக்கில் உள்ளன. இரண்டின் தொடக்கமும் ஒரே ஆண்டில், அதாவது 1834-இல், அமைந்தது குறிப்பிடத்தக்கது.

=== ஆவி அமுக்க முறை ===

அமெரிக்காவில் பிறந்த யேக்கப் பெர்க்கின்சு 1834-இல் இலண்டனில் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். இதில் எளிதில் ஆவியாகும் நீர்மம் ஒன்று பெட்டியின் உள்ளே ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சுகிறது. அவ்வாவியை அமுக்கி அழுத்திச் சூடாக்குகிறது. பின்னர் அது வெளிப்புறக் குழாய்களில் வெப்பத்தை வெளியிட்டு மீண்டும் நீர்மமாகிறது. சாதாரண வீட்டுக் குளிர்பதனப் பெட்டியும் இவ்வாறே இயங்குகிறது.

அமுக்கி தொடர்ந்து இயங்குவதில்லை. உள்வெப்பநிலை குறித்த அளவைத் தாண்டும்போது இயங்கி, குளிர்ந்ததும் நின்றுவிடும். இயங்கும் நேரத்திற்கும் மொத்த நேரத்திற்கும் உள்ள விகிதம் இயக்க விகிதம் எனப்படும். மிதமான வெப்பநிலையுள்ள அறையில் இது பெரும்பாலும் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கும்.

=== வெப்பமின் முறை ===

பிரெஞ்சு இயற்பியலாளர் இழான் சார்லசு பெல்ட்டியே 1834-இல் கண்டறிந்த விளைவை அடிப்படையாகக் கொண்டது இம்முறை. இரு வேறு கடத்திகள் இணையும் இடத்தில் மின்னோட்டம் பாயும்போது ஒரு சந்தி குளிர்கிறது, மற்றொரு சந்தி சூடாகிறது. இக்காலத்துக் கருவிகளில் பிசுமத் டெலுரைடு என்னும் குறைக்கடத்தி பயன்படுகிறது. விசிறியைத் தவிர அசையும் பகுதி எதுவும் இல்லாததால் ஒலியும் அதிர்வும் மிகக் குறைவு. விலையும் குறைவு. 6 முதல் 20 புட்டிகள் வரை கொள்ளும் சிறிய பெட்டிகளில் இதுவே மிகுதியாகக் காணப்படுகிறது.

இம்முறையில் இரு குறைபாடுகள் உள்ளன. முதலாவது, அறை வெப்பநிலையைக் காட்டிலும் பொதுவாக 10 முதல் 15 °செ அளவுக்கு மட்டுமே இதனால் குளிர்விக்க இயலும். அறை 30 °செ இருந்தால், 12 °செ என்னும் இலக்கை எட்ட முடியாமல் கருவி இடைவிடாது இயங்கிக்கொண்டே இருக்கும். இரண்டாவது, இதன் செயற்றிறன் குறைவு.

=== செயற்றிறன் கெழு ===

ஓர் அலகு மின்னாற்றலைச் செலவிட்டு எத்தனை அலகு வெப்பத்தை உள்ளிருந்து வெளியேற்ற முடிகிறது என்பதே செயற்றிறன் கெழு ஆகும். குளிர்பதனக் கருவி வெப்பத்தை உண்டாக்குவதன்று, இடம் மாற்றுவது. ஆகவே இக்கெழு ஒன்றுக்கு மேலும் இருக்கலாம். சிறிய அமுக்கிப் பெட்டிகளில் இது ஒன்றுக்குச் சற்று மேல் தொடங்கி இரண்டு வரையில் அமைகிறது. வெப்பமின் பெட்டிகளில் ஏறத்தாழ 0.3 முதல் 0.7 வரையில் அமைகிறது. அதாவது, ஒரே அளவு வெப்பத்தை வெளியேற்ற வெப்பமின் பெட்டிக்கு இருமடங்குக்கும் மேற்பட்ட மின்னாற்றல் தேவைப்படலாம்.

== மின்னாற்றல் எங்கே செலவாகிறது ==

பெட்டியில் வைக்கும் புட்டிகளைக் குளிர்விப்பதற்கே மின்னாற்றல் செலவாகிறது என்று கருதுவது இயல்பு. ஆனால் கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை வேறாக உள்ளது.

=== புட்டிகளைக் குளிர்வித்தல் ===

ஒரு வழமையான புட்டியில் 750 மில்லிலீட்டர் வைன் உள்ளது. அதன் வெப்பக் கொள்ளளவை நீரினுடையதாகவும், கண்ணாடியின் எடையை அரைக் கிலோகிராமாகவும் கொள்வோம். இப்புட்டியை 30 °செ-இலிருந்து 12 °செ-க்குக் குளிர்விக்க ஏறத்தாழ 64 கிலோசூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். 46 புட்டிகளுக்கு இது 0.82 கிலோவாட்-மணி ஆகிறது. செயற்றிறன் கெழு 1.2 எனில் செலவாகும் மின்னாற்றல் ஏறத்தாழ 0.7 கிலோவாட்-மணி மட்டுமே. பெட்டி முழுவதையும் ஒருமுறை நிரப்பிக் குளிர்விக்க ஆகும் செலவு, ஐக்கிய அமெரிக்காவின் சராசரிக் கட்டணத்தில், 11 சென்ட் அளவினது.

=== வெப்பக் கசிவு ===

எஞ்சிய மின்னாற்றல் முழுவதும் சுவர்கள் வழியாகவும் கதவு வழியாகவும் இடைவிடாது உள்ளே கசியும் வெப்பத்தை மீண்டும் வெளியேற்றவே செலவாகிறது. 50 செ.மீ அகலமும் 55 செ.மீ ஆழமும் 85 செ.மீ உயரமும் கொண்ட பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள்ளே 12 °செ, அறையில் 25 °செ எனில் வேறுபாடு 13 °செ ஆகும்.

* வெப்பக் காப்புள்ள ஐந்து பக்கங்கள்: பரப்பு 1.91 சதுர மீட்டர். 4 செ.மீ தடிப்புள்ள பாலியுரேத்தேன் நுரைக்கு வெப்பக் கடத்துகையைச் சதுர மீட்டருக்கும் ஒரு பாகைக்கும் 0.55 வாட்டு எனக் கொண்டால், கசிவு ஏறத்தாழ 13.7 வாட்டு.
* இரட்டைக் கண்ணாடிக் கதவு: பரப்பு 0.425 சதுர மீட்டர். வெப்பக் கடத்துகை 2.8 வாட்டு எனக் கொண்டால், கசிவு ஏறத்தாழ 15.5 வாட்டு.

மொத்தக் கசிவு ஏறத்தாழ 29 வாட்டு. மொத்தப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத கண்ணாடிக் கதவு, மொத்த வெப்பத்தில் பாதிக்கும் மேல் உள்ளே விடுகிறது. புட்டிகள் வெளியே தெரிய வேண்டும் என்பதற்காகவே கண்ணாடிக் கதவு வைக்கப்படுகிறது; வைனைப் பேணுவதற்கு அது தேவையில்லை. ஒளி வைனுக்கு ஏற்றதன்று என்பதால், பேணும் நோக்கில் பார்த்தால் மூடிய கதவே சிறந்தது.

மேற்கண்ட பெட்டியின் ஆண்டு மின் நுகர்வு, கதவின் வகைக்கேற்பப் பின்வருமாறு அமையும். செயற்றிறன் கெழு 1.2 எனக் கொள்ளப்பட்டுள்ளது.

* சாதாரண இரட்டைக் கண்ணாடிக் கதவு: ஏறத்தாழ 213 கிலோவாட்-மணி
* வெப்பத்தைத் தடுக்கும் பூச்சும் ஆர்கான் வளிமமும் கொண்ட இரட்டைக் கண்ணாடிக் கதவு (வெப்பக் கடத்துகை 1.4 எனில்): ஏறத்தாழ 156 கிலோவாட்-மணி
* சுவர்களைப் போன்றே காப்பிடப்பட்ட மூடிய கதவு: ஏறத்தாழ 122 கிலோவாட்-மணி

இவை கதவைத் திறப்பதால் நுழையும் வெப்பத்தைச் சேர்க்காத தோராயக் கணக்குகள். எனினும், கடைகளில் விற்கும் பெட்டிகளின் அறிவிக்கப்பட்ட அளவுகளும் இவற்றுக்கு அண்மையிலேயே உள்ளன.

== மின்செலவைக் கணித்தல் ==

ஆண்டு மின்செலவைக் காண உதவும் வாய்பாடு எளியது.

: ஆண்டு மின்செலவு = சராசரி மின்திறன் (வாட்டு) × 8760 ÷ 1000 × ஓர் அலகின் கட்டணம்

இங்கு 8760 என்பது ஓர் ஆண்டிலுள்ள மணிநேரங்களின் எண்ணிக்கை. ஓர் அலகு என்பது ஒரு கிலோவாட்-மணி.

இவ்வாய்பாட்டைப் பயன்படுத்தும்போது பெரும்பாலும் நேரும் பிழை, கருவியின் பின்புறத் தகட்டில் பொறிக்கப்பட்டுள்ள மின்திறனைச் சராசரி மின்திறனாகக் கொள்வதாகும். எடுத்துக்காட்டாக, 120 வோல்ட்டு, 1.2 ஆம்பியர் என்று தகட்டில் இருந்தால் பெருக்கல் தொகை 144 வாட்டு. ஆண்டு முழுவதும் 144 வாட்டு எனில் 1261 கிலோவாட்-மணி என்னும் பெருந்தொகை கிடைக்கும். ஆனால் தகட்டில் உள்ளது மின்கம்பியும் உருகியும் தாங்க வேண்டிய உச்ச அளவு. அமுக்கி இயங்கும்போது உண்மையில் 90 வாட்டு எடுத்து, நேரத்தில் 30 விழுக்காடு மட்டுமே இயங்கினால் சராசரி 27 வாட்டுதான். ஆண்டுக்கு ஏறத்தாழ 237 கிலோவாட்-மணி.

வெப்பமின் பெட்டிகளில் நிலைமை இதற்கு நேர்மாறானது. 60 வாட்டு என்று குறிக்கப்பட்ட சிறு பெட்டி, வெப்பமான அறையில் இடைவிடாது இயங்கினால் ஆண்டுக்கு 526 கிலோவாட்-மணி எடுக்கும். தகட்டில் எண் சிறியதாக இருப்பதால் செலவும் சிறிது என்று எண்ணி வாங்குவோர் ஏமாற நேரிடுகிறது.

மிகச் சரியான வழி, சுவர் மின்செருகிக்கும் கருவிக்கும் இடையே செருகக்கூடிய மின்னளவியைக் கொண்டு அளப்பதாகும். அமுக்கி விட்டுவிட்டு இயங்குவதால் சில நிமிட அளவீடு பயன்படாது. குறைந்தது 24 மணிநேரமும், இயன்றால் ஒரு வாரமும் அளக்க வேண்டும். கோடையிலும் குளிர்காலத்திலும் தனித்தனியே அளப்பது நல்லது.

=== இடத்திற்கேற்ற வேறுபாடு ===

ஒரே கருவியின் மின்செலவு நாட்டுக்கு நாடு பெரிதும் வேறுபடுகிறது. 2023, 2024-ஆம் ஆண்டுகளின் வீட்டுக் கட்டணங்களை ஒட்டிய தோராய அளவுகள் கீழே தரப்பட்டுள்ளன. முதல் தொகை 213 கிலோவாட்-மணி எடுக்கும் அமுக்கிப் பெட்டிக்குரியது. இரண்டாவது தொகை அதே அளவு வெப்பத்தை 0.5 என்னும் கெழுவுடன் வெளியேற்றி, 512 கிலோவாட்-மணி எடுக்கும் வெப்பமின் பெட்டிக்குரியது.

* லூசியானா (அலகுக்கு 12 சென்ட்): 26 டாலர், 61 டாலர்
* ஐக்கிய அமெரிக்கா, சராசரி (16 சென்ட்): 34 டாலர், 82 டாலர்
* ஹவாய் (43 சென்ட்): 92 டாலர், 220 டாலர்
* பிரான்சு (25 யூரோ சென்ட்): 53 யூரோ; 128 யூரோ
* ஜெர்மனி (40 யூரோ சென்ட்): 85 யூரோ, 205 யூரோ

ஐக்கிய அமெரிக்க வீடொன்று சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 10,500 கிலோவாட்-மணி மின்னாற்றலைப் பயன்படுத்துகிறது. அதில் 213 என்பது இரண்டு விழுக்காடு. தனியே நோக்கின் இது சிறு தொகையே. ஆனால் இரு வகைப் பெட்டிகளுக்கும் இடையிலான வேறுபாடு பத்தாண்டுகளில் சராசரிக் கட்டணத்தில் ஏறத்தாழ 480 டாலராகிறது. வாங்கும்போது மிச்சமாகும் விலையைக் காட்டிலும் இது பெரிதாக இருக்கக்கூடும்.

=== புட்டி ஒன்றுக்கான செலவு ===

12 புட்டிகள் கொள்ளும் 60 வாட்டு வெப்பமின் பெட்டி, பாதி நேரமே இயங்குவதாகக் கொண்டாலும், ஆண்டுக்கு 263 கிலோவாட்-மணி எடுக்கும். இது புட்டிக்கு 22 கிலோவாட்-மணி. 46 புட்டிகள் கொள்ளும் அமுக்கிப் பெட்டியில் புட்டிக்கு 5 கிலோவாட்-மணிக்கும் குறைவாகவே ஆகிறது. பெட்டி பெரிதாகும்போது அதன் கொள்ளளவு பெருகும் வேகத்தில் புறப்பரப்பு பெருகாததும், பெரிய பெட்டிகளில் அமுக்கியே பயன்படுவதும் இதற்குக் காரணங்கள்.

== மின் நுகர்வைப் பாதிக்கும் காரணிகள் ==

'''அறை வெப்பநிலை''': மேற்கண்ட எடுத்துக்காட்டில் அறை 18 °செ இருந்தால் கசிவு 29 வாட்டிலிருந்து 13.5 வாட்டாகக் குறையும். 30 °செ இருந்தால் 40 வாட்டாக உயரும். மேலும் அறை சூடாகும்போது செயற்றிறன் கெழுவும் குறைவதால் மின் நுகர்வு இன்னும் விரைவாக உயர்கிறது. அடுப்புக்கு அருகிலோ, வெயில் படும் இடத்திலோ, காப்பிடப்படாத வாகனக் கொட்டகையிலோ பெட்டியை வைப்பது செலவை மிகுவிக்கும்.

'''குறிக்கப்பட்ட வெப்பநிலை''': 12 °செ-க்குப் பதிலாக 8 °செ என்று அமைத்தால், 25 °செ அறையில் கசிவு ஏறத்தாழ 31 விழுக்காடு கூடும். வெண்வைன் பரிமாறும் வெப்பநிலையில் எப்போதும் எல்லாப் புட்டிகளையும் வைத்திருப்பதைவிட, 12 °செ-இல் பேணிவிட்டு, தேவையான புட்டியைப் பரிமாறுமுன் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் சிறிது நேரம் வைப்பது சிக்கனமானது.

'''காற்றோட்டம்''': தனித்து நிற்கும் பெட்டிகள் பின்புறமாகவோ பக்கவாட்டிலோ வெப்பத்தை வெளியிடுகின்றன. இவற்றைச் சமையலறை மாடத்தின் உள்ளே அடைத்து வைத்தால் வெளியேறிய சூடு மீண்டும் பெட்டியையே சுற்றும். அமுக்கி ஓய்வின்றி இயங்கும். மாடத்தினுள் பொருத்துவதற்கென்றே அமைக்கப்பட்ட பெட்டிகள் முன்புறமாகச் சூட்டை வெளியிடுகின்றன.

'''கதவின் விளிம்பு''': கதவைச் சுற்றியுள்ள இரப்பர் விளிம்பு தளர்ந்தால் அறையின் ஈரக்காற்று உள்ளே புகும். ஒரு தாளை வைத்துக் கதவை மூடி இழுக்கும்போது அது தடையின்றி வந்துவிட்டால் விளிம்பு பழுதடைந்துள்ளது எனக் கொள்ளலாம்.

'''வீட்டின் வெப்பச் சமநிலை''': பெட்டி எடுக்கும் மின்னாற்றல் முழுவதும் இறுதியில் அறைக்குள் வெப்பமாகவே வெளியாகிறது. குளிர்காலத்தில் இது வீட்டைச் சூடாக்க ஓரளவு உதவும். கோடையிலோ காற்றுப் பதனக் கருவி அவ்வெப்பத்தையும் வெளியேற்ற வேண்டியிருப்பதால் செலவு சற்றுக் கூடுகிறது.

== சட்டங்களும் தரக்குறியீடுகளும் ==

=== ஐக்கிய அமெரிக்கா ===

வைன் குளிர்பெட்டிகள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் அளவுக்குக் குளிர்விப்பதில்லை. ஆகையால் குளிர்பதனப் பெட்டிகளுக்கான கூட்டரசின் ஆற்றல் விதிகள் நெடுங்காலம் இவற்றுக்குப் பொருந்தவில்லை. கலிபோர்னியா மாநிலம் மட்டும் தனியாக உச்சவரம்பு ஒன்றை விதித்திருந்தது. தானாகப் பனி நீக்கும் பெட்டிக்கு அவ்வரம்பு, கொள்ளளவைக் கன அடியில் 17.4-ஆல் பெருக்கி 344 கூட்டிய கிலோவாட்-மணி ஆகும். 5 கன அடிப் பெட்டிக்கு இது 431 கிலோவாட்-மணி.

கூட்டரசின் ஆற்றல் துறை 2016-ஆம் ஆண்டில் வெளியிட்ட விதி, 2019 அக்டோபர் 28 முதல் தயாரிக்கப்படும் பெட்டிகளுக்கு உச்சவரம்பை வகுத்தது. இதன்படி கொள்ளளவை 7.88-ஆல் பெருக்கி 155.8 கூட்ட வேண்டும். 5 கன அடிப் பெட்டிக்கு ஏறத்தாழ 195 கிலோவாட்-மணி. இரு விதிகளின் சோதனை முறைகள் வேறுபடுவதால் இவ்வெண்களை நேரடியாக ஒப்பிடுதல் பொருந்தாது. இவ்வரம்பில் 155.8 என்னும் மாறாத பகுதியே பெரியது. கொள்ளளவு 5-இலிருந்து 10 கன அடியாக இருமடங்கானாலும் வரம்பு 39 கிலோவாட்-மணி மட்டுமே உயர்கிறது.

=== ஐரோப்பிய ஒன்றியம் ===

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010-ஆம் ஆண்டின் ஆற்றல் குறியீட்டு விதியிலேயே வைன் பேணும் கருவிகள் இடம்பெற்றன. அதற்கு மாற்றாக வந்த 2019-ஆம் ஆண்டின் விதி 2021 மார்ச்சு 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வைன் கருவிகளுக்குத் தனிக் குறியீட்டு அட்டை வகுக்கப்பட்டது. அதில் ஏழு படிகளைக் கொண்ட ஆற்றல் தரம், ஆண்டு மின் நுகர்வு, கொள்ளும் புட்டிகளின் எண்ணிக்கை, ஒலி அளவு ஆகியவை குறிக்கப்படுகின்றன. வைன் பகுதிக்கு 12 °செ இலக்கு வெப்பநிலையாகவும், 50 முதல் 80 விழுக்காடு வரை ஈரப்பதமாகவும் இவ்விதி வரையறுத்தது.

== சுற்றுச்சூழல் ==

மின் நுகர்வினால் விளையும் கரியமில வாயு, மின்னாற்றல் பெறப்படும் முறையைப் பொறுத்தது. ஐக்கிய அமெரிக்காவில் 2022-இல் ஒரு கிலோவாட்-மணிக்குச் சராசரியாக ஏறத்தாழ 0.39 கிலோகிராம் வெளியானது. இதன்படி 213 கிலோவாட்-மணிக்கு 83 கிலோகிராம் ஆகிறது. அணுமின்னாற்றல் மிகுந்த பிரான்சில் இது மிகக் குறைவு.

அமுக்கிப் பெட்டிகளில் அடங்கியுள்ள குளிர்பதனப் பொருளும் கருதத்தக்கது. ஓசோன் படலத்தைச் சிதைக்கும் குளோரோபுளோரோகார்பன்கள் 1987-ஆம் ஆண்டின் மொன்றியல் நெறிமுறையை அடுத்துக் கைவிடப்பட்டன. மாற்றாக வந்த ஆர்-134ஏ ஓசோனுக்குத் தீங்கற்றதாயினும், புவி வெப்பமடைதலில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலிமையுடையது. புதிய பெட்டிகளில் ஐசோபியூட்டேன் பரவலாகப் பயன்படுகிறது. வெப்பமின் பெட்டிகளில் இத்தகைய பொருள் எதுவும் இல்லை என்பது அவற்றின் நன்மை. ஆனால் மிகுதியான மின் நுகர்வு அந்நன்மையைக் குறைத்துவிடுகிறது.

== இவற்றையும் பார்க்கவும் ==

* குளிர்பதனப் பெட்டி
* கிலோவாட்-மணி
* பெல்ட்டியே விளைவு
* வெப்பக் காப்பு
* வைன்